பேகத்துக்கு என் சளி

ஏறியாயிற்று. இனி ஓடி முடித்துத்தான் இறங்குவது. பெரிய கோப்பைப் பந்தயத்தில் எனக்குக் கிடைத்த முதல் குதிரை, அதுவும் பேகம், அதுவும் ஊட்டியில், வாரம் முழுக்க மூடிக் கிடந்த பனி இன்றைக்கென்று பார்த்து விலகி, புல் பச்சைப்பசேலென்று கிடக்க, வேலி ஓரத்தில் சனம் சுண்டலும் குடையுமாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, யாரோ ஒரு அம்மா "ஏய், பொம்பளைப் புள்ளடி, பாருடி!" என்று கத்தியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜாக்கி சிரிக்கக் கூடாதென்று சட்டமா என்ன. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, காது மடல் கொதிக்கிறது, கையுறைக்குள் உள்ளங்கை நசநசவென்று இருக்கிறது. இது சந்தோஷம். சந்தோஷம்தான். காய்ச்சல் செவ்வாய்க்கிழமையோடு போயிற்று. சரி, புதன்கிழமையும் கொஞ்சம் இருந்தது. நேற்று மாத்திரை போட்டது முன்ஜாக்கிரதைக்கு, இன்று காலையில் போட்டது முன்ஜாக்கிரதைக்கு முன்ஜாக்கிரதை. காலையில் டிரெய்னர் வர்கீஸ் சார் என் முகத்தைப் பார்த்து "உடம்பு எப்படி இருக்கு, கண்ணெல்லாம் செவந்திருக்கே?" என்றார். "தூக்கம் வரல சார், சந்தோஷத்துல," என்றேன். பாதி உண்மை. பாதி உண்மையை முழுசாகச் சொன்னால் முழு உண்மை மாதிரியே இருக்கிறது. "ஜெசி, வாரை ஒரு தபா பாத்துக்கோம்மா," என்கிறார் கீழே நடந்து வரும் தஸ்தகீர் பாய். பாய்தான் பேகத்தின் சைஸ், அதாவது குதிரைக்காரர். தீனி வைப்பது, தேய்ப்பது, திட்டுவது, கொஞ்சுவது எல்லாம் அவர். பந்தயப் புத்தகத்தில் இவளுக்கு வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பெயர் போட்டிருக்கிறது, பாய் வைத்த பெயர்தான் பேகம். வழக்கமாக சைஸ் பந்தயப் பாதையின் வாசலோடு நின்றுவிட வேண்டும். பந்தயம் புறப்படும் கேட்டுக்குள் போக இவள் பண்ணும் ரகளைக்காகவே பாயையும் அங்கே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு இருமல்தான். நினைக்கக் கூடாது என்றால் அதுதான் முதலில் வருகிறது. நேற்று காலையில் அவளுக்குக் கடிவாளம் மாட்டும்போது தலையைத் தாழ்த்தி ஒரே ஒரு தடவை, கரகரவென்று, உள்ளேயிருந்து. பாயும் கேட்டார். "புல்லுல தூசி," என்றார். புல்லில் தூசி இல்லாமல் எங்கே இருக்கும், புல்லை நனைத்துப் போட்டாலும் ஓரத்தில் கொஞ்சம் தூசி இருக்கத்தான் செய்யும், குதிரை என்றால் இருமும், நான்கூடப் புழுதியில் இருமுகிறேன். ஆனால் நான் அந்த இருமலைக் கேட்டதும் என் கை என் தொண்டைக்குப் போயிற்று. அவள் இருமினாள், நான் என் தொண்டையைத் தொட்டேன். ஏன் தொட்டேன்? யாரும் பார்க்கவில்லை. பாய் பார்த்திருந்தால்கூட ஒன்றும் தெரிந்திருக்காது. நான் வாரம் முழுக்க மாஸ்க் போட்டுக்கொண்டுதான் திரிந்தேன், கேன்டீனில், வேனில், எடை பார்க்கும் அறையில். தோடர்கள் குடியிருக்கும் மந்து பக்கம் வாடகைக்கு எடுத்திருக்கும் அறையில் கூட இருக்கும் பெண்ணுக்கு ஒட்டிவிடக் கூடாதென்று ஜன்னலைத் திறந்துபோட்டு குளிரில் விறைத்தேன். ஒரு மனிதருக்கும் ஒட்டவில்லை. எவ்வளவு பொறுப்பு. அவ்வளவு பொறுப்பானவள் பேகத்தின் கதவைத் திறந்ததும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டேன். ஏனென்றால் மூச்சு கொடுக்க வேண்டும். இவளுக்குக் கடிவாளம் மாட்டுவதற்கு முன் மூக்கோடு மூக்கு வைத்து ஊத வேண்டும், அவள் உறிஞ்சிப் பார்ப்பாள், பிறகு அவள் ஊதுவாள், புல்லும் வெல்லமும் கலந்த சூடான காற்று என் முகமெல்லாம் அடிக்கும், அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பாள். குதிரைகள் அப்படித்தான் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். பாய் வெற்றிலை வாயோடு ஊதுவார், அது அவளுக்குப் பிடிக்காது, தும்முவாள். என்னுடையது பிடிக்கும். மாஸ்க்கோடு ஊதிப் பார்த்தேன் ஒரு நாள், காதைப் பின்னால் மடக்கிக்கொண்டாள், யாரோ அந்நியர் வந்துவிட்டதுபோல. கழற்றினேன். குதிரைதானே, அதற்கு என்ன வரப்போகிறது என்று நினைத்தேன். நினைத்தேனா? இல்லை, நினைக்கவே இல்லை. அதுதான் விஷயம். மனிதர் பக்கம் திரும்பும்போது எனக்குக் காய்ச்சல், பேகம் பக்கம் திரும்பும்போது நான் வெறும் ஜெசி.

நேற்று டாக்டர் இளவழகியிடம் கேட்டேன். லாயத்துக் குதிரைகளையெல்லாம் அவர்தான் பார்க்கிறார், பந்தய நாளில் கேட் பக்கத்திலும் அவர்தான் நிற்பார். நேராகக் கேட்கத் தைரியம் வராமல், வேளச்சேரியில் எங்கள் அத்தை வீட்டுப் பூனை தும்முகிறது, அத்தைக்கும் சளி, ஒட்டியிருக்குமா டாக்டர் என்றேன். அத்தைக்குப் பூனையென்றாலே ஆகாது, அது வேறு. "ஒட்டலாம்மா," என்றார். "மனுஷங்ககிட்டேருந்து ஃப்ளூ வாங்கின பூனை உண்டு, நாய் உண்டு. கொரோனா சமயத்துல வண்டலூர்ல சிங்கத்துக்கே வந்துச்சே, மறந்துட்டியா?" அப்படியே சும்மா கேட்பதுபோல, "குதிரைக்கு?" என்றேன். ஊசியைக் கழுவிக்கொண்டே சொன்னார், "குதிரைக்குன்னு தனி ஃப்ளூ இருக்கு. நம்மளுது அதுக்கு லேசுல ஒட்டாது. ஒட்டவே ஒட்டாதுன்னும் யாரும் எழுதிக் குடுக்க முடியாது. சில குதிரைங்க ரத்தத்துல நம்ம வைரஸைப் பாத்த தடயம் இருந்திருக்கு. தேடினாத்தானே தெரியும், யாரு தேடுறா?" வந்தால் என்ன பண்ணும் என்றேன். "ரெஸ்ட் குடுத்தா பெரும்பாலும் சரியாயிடும். எந்த வைரஸா இருந்தாலும் காய்ச்சலோட விரட்டினாத்தான் வம்பு. நுரையீரல் கெட்டுப்போவும், சில சமயம் ஓடிட்டிருக்கும்போதே இதயம் நின்னுடும். உங்க அத்தை பூனையை யாரு விரட்டப் போறா, கவலைப்படாத." நானும் சிரித்தேன். அவரோடு சேர்ந்து நன்றாகச் சிரித்தேன்.

யாரு தேடுறா. அந்த வார்த்தையில் எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம் வந்தது, அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. என் சளி பேகத்துக்கு வந்திருந்தால், அப்படி லேசில் ஒட்டாத ஒன்று எங்கள் இருவருக்குள் மட்டும் ஒட்டியிருந்தால், அவ்வளவு நெருக்கமா நாங்கள்? அம்மாவுக்கும் எனக்கும்கூட ஒரே சமயத்தில் ஜலதோஷம் பிடித்தது கிடையாது. ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. சீ, என்ன பெருமை, பிள்ளைக்கு அம்மை போட்டதைப் பெருமையாகச் சொல்லும் தாய் உண்டா? அதோ புல்தரை வந்துவிட்டது. பாய் கயிற்றை விடுகிறார், "பிஸ்மில்லா, போ கண்ணு," என்கிறார், அது எனக்கா அவளுக்கா என்று எப்போதும் தெரியாது. பேகம் எடுத்துவிட்டாள். ஆஹா. மெல்லோட்டம்தான், கேட் வரைக்கும் சும்மா உடம்பைச் சூடாக்கிக்கொள்ளப் போவதுதான், ஆனாலும் ஆஹா. என் முழங்காலுக்குக் கீழே அவள் தோள் உருள்வது தெரிகிறது, காற்று கண்ணில் நீர் வரவைக்கிறது, கற்பூரத் தைல மரத்து வாசனை, ஒலிபெருக்கியில் யாரோ என் பெயரைத் தப்பாகச் சொல்கிறார்கள், ஜெசிந்தாவை ஜெசந்தா ஆக்கிவிட்டார்கள், பரவாயில்லை, ஜெயித்தால் சரியாகச் சொல்வார்கள். காய்ச்சல்காரி இப்படி ஓடுவாளா? நீங்களே சொல்லுங்கள். இப்படி மிதப்பாளா? பைத்தியம், நான் ஒரு பைத்தியம், ஒரு தூசி இருமலுக்கு ஒரு நாள் முழுக்கச் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறேன்.

ஆனால் நான் மிதந்தேனே. புதன்கிழமை காலைப் பயிற்சியில், மாத்திரைக்கு முன்னால், உடம்பு அனலாகக் கொதிக்கும்போது, நான் இதுவரை ஓட்டாத மாதிரி ஓட்டினேன். வர்கீஸ் சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். அன்றைக்குத்தான் இந்தக் குதிரை எனக்கென்று முடிவாயிற்று. காய்ச்சல் வந்தால் எனக்கு அப்படித்தான், முதலில் எல்லாம் லேசாகிவிடும், பேச்சு அதிகமாகும், சிரிப்பு அதிகமாகும், பிறகுதான் விழுவேன். சின்ன வயதில் அம்மா அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள், "இவ ரொம்ப ஆடுறா, நெத்தியத் தொட்டுப் பாரு." இப்போது யார் நெற்றியை யார் தொடுவது? கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி அவள் பிடரிக்குக் கீழே உள்ளங்கையை வைக்கிறேன். சூடு. நல்ல சூடு. ஓடி வந்த குதிரை சூடாகத்தான் இருக்கும். என் கை எவ்வளவு சூடென்று தெரிந்தாலல்லவா அவள் சூடு தெரியும்? என் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன், கன்னமும் சூடு. இரண்டும் சூடாக இருந்தால் இரண்டும் சரியாக இருப்பதுபோலவே தோன்றுகிறது. சந்தோஷமும் காய்ச்சலும் உடம்பில் ஒரே வீட்டில்தான் குடியிருக்கும்போல, கதவைத் தட்டினால் யார் வந்து திறக்கிறார்கள் என்று தெரிவதில்லை.

கேட்டுக்குப் பின்னால் எல்லோரும் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறோம். டாக்டர் இளவழகி பச்சைக் குடைக்குக் கீழே பையோடு நிற்கிறார். எங்கள் லாயத்திலிருந்தே இரண்டு குதிரை இந்தப் பந்தயத்தில், பேகமும் செவலையும். செவலைதான் ஜெயிக்கும் என்று ஊரே சொல்கிறது, அதனால்தான் சீனியர் பிரதாப் அண்ணன் அதன்மேல். "என்ன ஜெசி, பல்லு தந்தி அடிக்குது?" என்கிறார். "குளிருண்ணே," என்கிறேன். "குளிரா? வெயில் கொளுத்துது!" மற்றவர்கள் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன், நான் ரொம்பச் சிரிக்கிறேன், நெத்தியத் தொட்டுப் பாரு. சொல்லிவிடலாமா? என்ன சொல்வது? சொல்வதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, "குதிரை காலைத் தாங்குது சார்" என்பது. இறக்கிவிடுவார்கள், டாக்டர் காலைத் தடவிப் பார்ப்பார், ஒன்றும் இருக்காது, சின்ன சுளுக்கு என்பார்கள், நான் பிழைத்தேன், அடுத்த சீசனில் குதிரை கிடைக்கும். ஆனால் காலைப் பார்ப்பவர்கள் காய்ச்சலைப் பார்க்க மாட்டார்கள். திங்கட்கிழமை காலையிலேயே "காலு நல்லாயிருக்கே" என்று அவளை விரட்டுவார்கள், என்னை இல்லையென்றால் வேறு யாரையாவது ஏற்றி. இன்னொன்று, உள்ளதைச் சொல்வது. எனக்கு நாலு நாளாகக் காய்ச்சல், மறைத்தேன், இவள் மூக்கில் ஊதினேன். அதைச் சொன்னால் வர்கீஸ் சார் என்னைக் குதிரை என்ன, லாயத்துக் கழுதைமேல்கூட ஏற்ற மாட்டார். சிரிப்பார்கள் வேறு. குதிரைக்கு இவ சளி ஒட்டிச்சாம். ஒட்டாமலே இருந்தால்? தூசியாகவே இருந்தால்? ஒரு தூசிக்காக என் வாழ்க்கையையே போட்டு உடைத்தவள் ஆவேன். இல்லை, ஓடட்டும். அவள் ஓட ஆசைப்படுகிறாள். ஆசைப்படுகிறாளா, அல்லது நான் ஆசைப்படுவது அவளுக்கும் ஒட்டிக்கொண்டதா?

உள்ளே அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொன்றாகக் கம்பிக் கூண்டுக்குள் நுழைகிறது, பின்கதவு டமாரென்று சாத்துகிறது. செவலை போயிற்று. இப்போது எங்கள் முறை, எல்லோரும் கையைத் தேய்த்துக்கொண்டு வருகிறார்கள், போன தடவை பின்னாலிருந்து நாலு பேர் கைகோத்துத் தள்ளி, பாய் முன்னாலிருந்து கெஞ்சி, ஒருவர் தொப்பி நசுங்கி, பந்தயமே தாமதமாயிற்று. நான் முழங்காலை இறுக்கிக்கொள்கிறேன், இப்போது எகிறுவாள், இதோ எகிறுவாள், வா, எகிறு. பேகம் நடக்கிறாள். காதை ஒரு பக்கமும் திருப்பாமல், சொன்ன சொல் தட்டாத மருமகள்போல, தலையைத் தாழ்த்தி நேராக உள்ளே போய் நின்றுகொண்டாள். "அட! இன்னைக்கு என் பேகம் சமத்துடா!" என்கிறார் பாய். கேட் ஆட்கள் கைதட்டுகிறார்கள். சமத்தா? இவளா? உடம்பு முடியாதபோது நானும்தான் சமத்து. ஊசி போட வந்தால் கையை நீட்டிவிடுவேன், கசாயத்தைக் கேள்வி கேட்காமல் குடித்துவிடுவேன், எதிர்க்கத் தெம்பில்லாததற்குப் பெயர் சமத்து. என் தொடைகளுக்கு நடுவில் அவள் விலா ஏறி ஏறி இறங்குகிறது. நாங்கள் ஓடி வந்து இவ்வளவு நேரம் சுற்றியாயிற்றே, பக்கத்துக் குதிரைகளெல்லாம் மூச்சு ஆறி நிற்கின்றனவே, இவளுக்கு ஏன் இன்னும் ஆறவில்லை? பேகம், ஏன் ஆறவில்லை? இன்னும் இரண்டு குதிரைதான் பாக்கி. ஒன்று. வாயைத் திற ஜெசி. வாய் திறக்கவில்லை. என்னென்னவோ பேசும் வாய். கால் என்று சொல்லிவிடு, கால் என்று, கால்.

"சார்! சார், கதவைத் திறக்காதீங்க! குதிரைக்குக் காய்ச்சல்! எனக்கும்! எனக்கு நாலு நாளாக் காய்ச்சல் சார், நான்தான் குடுத்தேன்!"

என் குரலா அது, அவ்வளவு பெரிசாக. பிரதாப் அண்ணன் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து "லூசாடி நீ?" என்கிறார். பந்தயத்தைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டர் சார் கொடியைத் தூக்கியபடியே டாக்டரைப் பார்க்கிறார். பின்கதவு திறக்கிறது, யாரோ லகானைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறார்கள், பேகம் அதற்கும் மறுப்புச் சொல்லாமல் வருகிறாள், நான் குதித்து இறங்குகிறேன். ஓடாமல் இறங்கிவிட்டேன். பாய் என்னை அடித்துவிடுவார் என்று நினைத்தேன், அவர் பேகத்தின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "இன்னாம்மா சொல்ற? இன்னா குடுத்த?" டாக்டர் குடையை எறிந்துவிட்டு வந்து, வாலைத் தூக்கி, தெர்மாமீட்டரை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார், நான் மூக்கோடு மூக்கு என்கிறேன், மாஸ்க் என்கிறேன், நேற்று காலையில் இருமினாள் என்கிறேன், அத்தைக்குப் பூனையே கிடையாது டாக்டர் என்கிறேன், கோர்வையில்லாமல், ஆனால் என்ன ஒரு நிம்மதி, நெஞ்சிலிருந்து கல்லை இறக்கி வைத்தாயிற்று, எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. டாக்டர் தெர்மாமீட்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "நூத்தி நாலு. ஓடி வந்ததுக்குக் கொஞ்சம் ஏறும், இவ்வளவு ஏறாது." பிறகு மெதுவாக, "உன்னோடதுதானான்னு சோதிச்சாத்தான் தெரியும். ஆனா எதுவா இருந்தாலும் சரி ஜெசிந்தா, இதை நீ ஓட்டியிருந்தா வளைவைத் தாண்டியிருக்காது." தாண்டியிருக்காது. தாண்டியிருக்காது. நான் வாயைத் திறந்தேன், திறந்துவிட்டேன், அவள் உயிரோடு என் பக்கத்தில் நிற்கிறாள், நான் இனிமேல் பால் கறக்கப் போனாலும் சரி, கல்லு உடைக்கப் போனாலும் சரி. கேட் திறந்தது. படாரென்று எல்லாக் கதவும் ஒன்றாக. எல்லாக் குளம்பும் ஒன்றாக. தரை அதிர்ந்து என் உள்ளங்காலுக்கு வந்தது. என் உடம்பு என்னைக் கேட்காமலே முன்னால் குனிந்தது, போக வேண்டிய உடம்பு, போகவில்லை, போகட்டும். ஒலிபெருக்கி கத்துகிறது, செவலை முன்னால், செவலை இரண்டு குதிரை நீளம் முன்னால்.

பாய் எவ்வளவு நேரம்தான் அழுவார், அவரும் லாயத்து மனுஷர்தானே. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலிமேல் ஏறிவிட்டார். "நம்ம செவலை! நம்ம லாயத்துப் புள்ளடா அது! போடா ராஜா!" எனக்கும் அந்த உற்சாகம் தொற்றிக்கொண்டது, நானும் வேலியைப் பிடித்துக்கொண்டு எக்கினேன். வெயிலில் அது பளபளவென்று வளைவை நோக்கிப் போவதைப் பார்க்க அப்படி ஒரு அழகு. டாக்டர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "சீக்கிரம் சொல்லு. மாஸ்க் இல்லாம வேற எந்தக் குதிரைக்கு மூச்சு குடுத்த?" வேறு யாருக்கும் இல்லை, பேகத்துக்கு மட்டும்தான் கொடுப்பேன், எனக்கு வேறு யார் பழக்கம். அப்படிச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வியாழக்கிழமை. பேகம் எனக்கென்று அறிவித்த மறுநாள். தலைகால் புரியாத சந்தோஷம், உடம்பெல்லாம் அனல், பக்கத்துக் கதவுக்குமேல் ஒரு செம்மண் நிற மூக்கு நீண்டு வந்தது, "ஜெயிக்கப்போறது யாருடா, நீயா நாங்களா, பாத்துடலாமா?" என்று வம்புக்கு இழுத்து, இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு நன்றாக ஊதினேன், அதுவும் ஆசையாக உறிஞ்சிக்கொண்டது. இரண்டு தடவை ஊதினேன். டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், கூட்டம் காது கிழியக் கத்துகிறது, கையைத் தூக்கி வளைவை நோக்கி நீட்டினேன், முன்னால் தனியாகப் போகும் குதிரையைக் காட்டி. வேலிமேலிருந்து பாய் திரும்பிப் பார்த்தார், நீட்டிய என் கையைப் பார்த்ததும் அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. "அதாம்மா, அதேதான், நம்ம செவலைதான்!" என்று எட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.